போலீஸ்காரரின் இடுப்பும் புதுக் காரும்

நேயர்களுக்கு வணக்கம்.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு அமெரிக்க நெடுஞ்சாலையில் கார் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பின்னால் வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடியில், அகலமான முகமும் பட்டையான ஹெட்லைட்டுமாக ஒரு நீளக் கார் தெரிந்தால் போதும், ஆக்சிலரேட்டரை விட்டுக் கால் தானாக எழும்பிவிடும். நாம் போகிற வேகம் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் கால் எழும்பும். அந்தக் கார், போலீஸ் ரோந்துக்கு ஓட்டிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. அங்கே போலீஸ்காரர்கள் செல்லமாக 'கிரவுன் விக்' என்பார்கள்.

அது போய் வேறு கார் வந்தபோது அந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போலீஸ்காரன் இல்லை. மிச்சிகன் மாநிலத்தில் காருக்கு சீட் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவன். அதனால் எந்தக் காரைப் பார்த்தாலும் எல்லாரும் பானெட்டைத் திறப்பார்கள், நான் கதவைத் திறப்பேன். இந்தக் கதையிலும் பாதி விஷயம் சீட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பழைய காரை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் அடித்தளம் 1979 மாடலில் வந்தது. நம் லாரிக்கு இருப்பது போலத் தனி சேசிஸ், அதன் மேல் தூக்கி வைத்த உடம்பு. முன்னால் 4.6 லிட்டர் வி-8 எஞ்சின், இழுப்பது பின் சக்கரம். நீளம் கிட்டத்தட்ட 5.4 மீட்டர். மற்ற கார்கள் எல்லாம் சேசிஸும் உடம்பும் ஒன்றான அமைப்புக்கு மாறிய பிறகும் இது மட்டும் பழைய வழியிலேயே இருந்தது. கார் ரசிகர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். போலீஸ் ஒர்க்‌ஷாப்காரர்கள் சிரிக்கவில்லை. திருடனைத் துரத்தும்போது நடைபாதைத் திட்டில் ஏறி இறங்கினாலும் தாங்கும். முன்பக்கம் நசுங்கினால் அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு வேறு துண்டைப் போட்டு, மறுபடி ரோந்துக்கு அனுப்பிவிடலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ரோந்துக் கார் என்பது ஓடுகிற வண்டி என்று நினைக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் நிற்கிற வண்டி. விபத்து நடந்த இடத்தில் விளக்கைச் சுழல விட்டுக்கொண்டு, ரேடியோவும் கம்ப்யூட்டரும் ஓட, எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கும். ஒரு மணி நேரம் அப்படி நின்றால் 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர் ஓடிய தேய்மானம் என்று ஃபோர்டே கணக்கு வைத்திருந்தது. மைல் மீட்டரை மட்டும் பார்த்து ஒரு போலீஸ் காரை வாங்கினால் ஏமாந்து போவீர்கள். அந்த நிற்கிற வேலையைத்தான் கிரவுன் விக் அலட்டிக்கொள்ளாமல் செய்தது.

1998-இல் மாற்றிய உருவம் 2011 வரை ஏறக்குறைய அப்படியே இருந்தது. கேட்க மந்தமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் யோசித்துப் பாருங்கள். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் வைக்கிற கம்பிக் கூண்டு, ரேடியோ மாட்டும் பெட்டி, முன்னால் முட்டித் தள்ளுகிற இரும்பு பம்பர், இவையெல்லாம் பழைய காரிலிருந்து கழற்றிப் புதுக் காரில் மாட்டினால் பொருந்தும். சின்ன ஊர்ப் போலீஸுக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம்! கார் மாறும்போது முதலில் அடிபடுவது இந்தச் சாமான்கள்தான்.

அதற்காகக் கிரவுன் விக் குறையே இல்லாத கார் என்று சொல்ல மாட்டேன். அதன் பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் யாரையோ நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வேகமாக ஒரு வண்டி வந்து மோதினால், டேங்க் கிழிந்து தீப்பிடித்துவிடும். அப்படிக் கருகிச் செத்த போலீஸ்காரர்கள் உண்டு. வழக்குகள் வந்தன. 2002-இலிருந்து டேங்கைச் சுற்றித் தடுப்புத் தகடு பொருத்தினார்கள், பிறகு தீயணைக்கும் கருவியையும் காரிலேயே வைத்துத் தர ஆரம்பித்தார்கள். பழைய காருக்காக உருகியவர்கள் இதை அதிகம் பேசவில்லை. பிரிந்து போகிறவரைப் பற்றிப் பேசும்போது நல்லதைத்தானே எடுப்போம்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. கிரவுன் விக் ராஜாவாக இருந்ததற்கே காரணம் போட்டிக்கு இருந்த ஷெவர்லே கப்ரீஸ் 1996-இல் நின்று போனதுதான். அந்தக் கப்ரீஸ் 1991 மாடலில் உருண்டையான புது உருவத்தில் வந்தபோது அதைத் திமிங்கலம் என்று கேலி செய்தார்கள். போலீஸுக்காகக் கறுப்பும் வெள்ளையும் அடித்தபோது இன்னும் மோசம், நீர்க்காட்சி சாலையில் வித்தை காட்டுகிற ஷாமு என்கிற திமிங்கலத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஐந்தே வருடத்தில் அது நிற்கப் போகிறது என்றதும், ஐயோ, அந்த 5.7 லிட்டர் எஞ்சின் போல வருமா என்று அதே ஆட்கள் புலம்பினார்கள். நின்ற பிறகும் பழைய கப்ரீஸ்களைப் புதுப்பித்து ஓட்டிய போலீஸ் துறைகள் இருந்தன. அப்போது அவர்கள் வேண்டாம் என்று முகம் சுளித்த கார் எது தெரியுமா? இதே கிரவுன் விக்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2010 மார்ச்சில் லாஸ் வேகாஸில் ஃபோர்டு புதுப் போலீஸ் காரைக் காட்டியது. டாரஸ் என்கிற குடும்பக் காரை எடுத்துப் போலீஸ் வேலைக்கு முறுக்கேற்றியது அது. அதே ஆண்டு செப்டம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்கிற உயரமான எஸ்யூவியிலிருந்து இன்னொன்று. முதலாவதுதான் கதாநாயகன், இரண்டாவது துணைப் பாத்திரம் என்பது அன்றைய நினைப்பு. 2011 செப்டம்பர் 15 அன்று கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் செயின்ட் தாமஸ் ஆலையிலிருந்து கடைசிக் கிரவுன் விக் வெளியே வந்தது. ஆலையையும் மூடிவிட்டார்கள். கடைசிக் கார் போன இடம் சவூதி அரேபியா. அதற்குள், கிடைக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வோம் என்று பழைய மாடலை மொத்தமாக வாங்கி அடுக்கிய நகரப் போலீஸ் துறைகளும் இருந்தன. பண்டிகைக்கு முன் பருப்பு வாங்கி வைப்பது போல.

புது டாரஸை ஏன் பிடிக்கவில்லை? காகிதத்தில் பார்த்தால் புது காருக்குத்தான் ஜெயம். பழையதற்கு 250 குதிரைத்திறன் என்றால் புதியதில் இரட்டை டர்போ வைத்த எஞ்சின் 365 கொடுத்தது. நான்கு சக்கரமும் இழுக்கும், பனியில் வழுக்காது. பின்னாலிருந்து மணிக்கு 75 மைல் வேகத்தில் மோதினாலும் தாங்குகிற மாதிரி கட்டினார்கள். பழைய டேங்க் விவகாரம் அவர்களைச் சுட்டிருந்தது.

ஆனால் முதல் புகார் ஓட்டும் விதத்தைப் பற்றி வந்தது. இருபது வருடம் பின்சக்கர இழுவைக் காரில் துரத்திப் பழகியவரின் கை ஒன்றை எதிர்பார்க்கும். வளைவில் வேகமாகப் போனால் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் வெளியே நழுவும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒரு திருப்புத் திருப்பிப் பிடித்துவிடலாம். இப்போது நான்கு சக்கரமும் இழுத்தாலும், முன்சக்கர இழுவைக் காராகப் பிறந்தது அப்படி நடக்காது, மூக்கு நேராகப் போகவே பார்க்கும். கெட்ட குணம் இல்லை, வேறு குணம். இதற்குப் பயிற்சி கொடுத்தார்கள், கை பழகியது. அந்தப் புகார் சில மாதங்களில் அடங்கிவிட்டது.

அடங்காத புகார் இடுப்பைப் பற்றியது.

ஒரு போலீஸ்காரர் இடுப்பில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். துப்பாக்கி, குண்டுப் பெட்டிகள், கைவிலங்கு, வாக்கி டாக்கி, டேசர் என்கிற மின்அதிர்ச்சித் துப்பாக்கி, டார்ச், லத்தி. இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும். மார்பில் குண்டு துளைக்காத கவசம். இந்தக் கோலத்தில் ஒரு ஷிப்டில் எத்தனை முறை ஏறி இறங்குவார்? நாம் சாதாரணக் காரில் சீட்டின் இரண்டு ஓரத்திலும் திட்டு வைப்போம், வளைவில் ஆள் சரியாமல் இருக்க. அதே திட்டு போலீஸ்காரரின் துப்பாக்கி உறையை விலாவில் குத்தும், பெல்ட்டை இழுக்கும். இதை ஃபோர்டு நன்றாகவே யோசித்திருந்தது. சீட்டின் அடிப்பக்கத்துத் திட்டை வெட்டி எடுத்தார்கள், பெல்ட்டுக்கு இடம் விட்டார்கள். பின்னாலிருக்கும் கைதி கத்தியால் குத்தினால் ஏறாமல் இருக்க, முன்சீட்டின் முதுகுக்குள் இரும்புத் தகடு வைத்தார்கள். நடுவில் ரேடியோவும் கம்ப்யூட்டரும் வைக்க இடம் வேண்டும் என்று கியர் கோலை ஸ்டீயரிங் பக்கமே வைத்தார்கள். பின்கதவை வழக்கத்தைவிட அகலமாகத் திறக்கும்படி கீலை மாற்றினார்கள். சீட் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மரியாதையான வேலை.

ஆனால் கூரையை அவர்களால் மாற்ற முடியவில்லை. டாரஸின் அழகே பின்னோக்கிச் சரிகிற கூரைதான். ஷோரூமில் அது அழகு. கைவிலங்கு போட்ட ஆளைத் தலையை அமுக்கிப் பின்சீட்டில் ஏற்றும்போது அது இடி. தூண்கள் தடிமன், பின்கண்ணாடி சின்னது, பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்த்தால் பாதி மறைந்துவிடும். அதற்கு மேல் கூண்டையும் வைத்தால் முன்சீட்டைப் பின்னால் தள்ள முடியாது. உயரமான ஆள் முழங்காலை மடக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு போலீஸ்காரர் இருந்தார், ஆறடிக்கு மேல் உயரம். புதுக் கார் எப்படி என்று ஒருநாள் கேட்டேன். எஞ்சினைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றிக்கு மேலே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான்.

ஃபோர்டு மட்டும்தானா என்று நீங்கள் கேட்கலாம். டாட்ஜ் சார்ஜர் பின்சக்கர இழுவையோடு வந்து பலரை இழுத்துக்கொண்டது. கப்ரீஸ் என்ற பெயரை ஷெவர்லே தூசு தட்டி எடுத்து ஆஸ்திரேலியாவில் செய்த காரில் ஒட்டி இறக்குமதி செய்தது, 2017-இல் அந்த ஆலையும் போனது. போலீஸுக்கென்றே ஒரு காரைப் பிறப்பிலிருந்து செய்கிறோம் என்று கார்பன் மோட்டார்ஸ் என்ற புதுக் கம்பெனி இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில்லில் இறங்கியது. பி.எம்.டபிள்யூ டீசல் எஞ்சின், கைதியைச் சுலபமாக ஏற்ற எதிர்ப்பக்கம் திறக்கும் பின்கதவு என்று எல்லாம் யோசித்திருந்தார்கள். மத்திய அரசுக் கடன் 2012-இல் மறுக்கப்பட்டது, 2013-இல் கம்பெனி திவால். மாதிரிக் காரோடு கதை முடிந்தது. எனக்கு இன்றும் அதில் ஒரு வருத்தம் உண்டு.

நடந்தது வேறு. துணைப் பாத்திரம் என்று நினைத்த எக்ஸ்ப்ளோரர் கதாநாயகனைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. எஸ்யூவியில் குனிந்து நுழைய வேண்டாம், உயரத்தில் உட்கார்ந்தால் தூரம் தெரியும், சாமான் வைக்கப் பின்னால் இடம். கிரவுன் விக் வேண்டும் என்று புலம்பியவர்கள் அதே வாயால் எக்ஸ்ப்ளோரரைக் கேட்டு வாங்கினார்கள். பழைய கார் மேல் அவர்களுக்கு இருந்தது வெறும் பாசம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பாதி பாசம்தான். மீதிப் பாதி தலை இடிக்காத கூரை. டாரஸ் 2019-இல் நின்றது, அதோடு போலீஸ் டாரஸும் போனது. யாரும் அடுக்கி வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

எக்ஸ்ப்ளோரருக்கும் சோதனை வராமல் இல்லை. காருக்குள் கார்பன் மோனாக்சைடு வருகிறது, தலை சுற்றுகிறது என்று புகார்கள் கிளம்பி, 2017 ஜூலையில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் போலீஸ் சுமார் 400 வண்டிகளை ஒரே வீச்சில் ஓரங்கட்டியது. விளக்கும் வயரும் பொருத்தப் போட்ட துளைகளைச் சரியாக அடைக்காததால் புகை உள்ளே வருகிறது என்றது ஃபோர்டு, தன் செலவில் சரி செய்தும் கொடுத்தது. பார்த்தீர்களா, மறுபடியும் சாமான் மாட்டுகிற விஷயம்தான்.

கடைசியாக ஒன்று. என் நண்பர் ஒருவர் போலீஸ் கழித்துவிட்ட வெள்ளைக் கிரவுன் விக் ஒன்றை ஏலத்தில் வாங்கினார். விளக்கும் எழுத்தும் எடுத்த வெறும் கார். முதல் சில வருடம் அவருக்கு ராஜயோகம். நெடுஞ்சாலையில் ஏறினால் முன்னால் போகிறவர்கள் எல்லாரும் வேகத்தைக் குறைத்து வழி விடுவார்கள். போகப் போக இருபது வயதுப் பையன்கள் ஹாரன் அடித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள், அவர்களுக்கு அது யாரோ தாத்தாவின் கார். இப்போது அதே சாலையில் ஒரு வெள்ளை எக்ஸ்ப்ளோரர் பின்னால் வந்தால் என் கால் எழும்புகிறது. பக்கத்தில் வந்ததும் பார்த்தால், பின்சீட்டில் இரண்டு புத்தகப் பை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிற ஒரு அம்மா.

வணக்கம்.