ஒரு மூங்கில் குச்சியும் காணாமல் போன பாதி வீடும்

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியாவில் எவ்வளவு நேர உழைப்பில் எத்தனை வீடு கட்டி முடித்தார்களோ, இப்போது அதே நேரத்தில் அதில் பாதிகூட முடிவதில்லை. 53 சதவீதம் சரிவு! கருவியெல்லாம் புதுசு, வரைபடம் டேப்லெட்டில் வருகிறது, வீடு மட்டும் மெதுவாகிவிட்டது. இது என் கணக்கு இல்லை, அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையம் 2025 பிப்ரவரியில் சொன்னது. (உற்பத்தித்திறன் என்றால் ஒரு மணி நேர உழைப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதுதான்.) வீடுகள் பெரிதாகிவிட்டன, தரம் கூடிவிட்டது என்பீர்கள். சரி, அதையும் சேர்த்துப் பார்த்தால்கூட 12 சதவீதம் இறக்கம்தான்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன், தள்ளிவிடாதீர்கள். 2020 வரையிலான பத்தாண்டில் ஆஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் வளர்ச்சி 60 ஆண்டுகளில் இல்லாத மந்தம், கருவூல அமைச்சர் ஜிம் சால்மர்ஸ் இதைச் சரிசெய்ய யோசனை சொல்லுங்கள் என்று கேட்டார், 900-க்கு அருகில் மனுக்கள் குவிந்தன, 2025 ஆகஸ்ட் 19 முதல் 21 வரை தொழிற்சங்கம், முதலாளிகள், நிபுணர்கள் எல்லோரையும் கான்பெராவில் உட்கார வைத்துப் பேசினார்கள். அவ்வளவுதான்.

(திரையில்: ஒரு ஜோடி மூங்கில் குச்சி)

இப்போது எனக்குப் பிடித்த இடம், வீண் வேலையைக் குறைத்த கதை. நூடுல்ஸ் சாப்பிடுகிற குச்சிதான். இதற்கு அங்கே 5 சதவீத இறக்குமதி வரி இருந்தது. ஆனால் குச்சி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது, சீனாவோடு 2015-லேயே தடையற்ற வணிக ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டது, அதனால் வரி கிடையாது. அப்போ பிரச்சினை முடிந்ததா? வேடிக்கையே அங்கேதான். வரி கட்ட வேண்டாம், ஆனால் கட்ட வேண்டாத ஆள் நான் என்று நிரூபிக்க வேண்டும்! சரக்கு எங்கே தயாரானது என்று சான்று, அதைச் சரிபார்க்க ஒருவர், எடுத்துப் பத்திரமாக வைக்க இன்னொருவர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதேதான், இங்கே சுண்டைக்காய்க்குப் பதில் குச்சி.

இப்படிப்பட்ட 457 இறக்குமதி வரிகளை 2024 ஜூலையிலேயே நீக்கினார்கள், டூத் பிரஷ்கூட அந்தப் பட்டியலில் உண்டு. தொழில்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர் மிச்சம் என்றது அரசு. 2025 ஆகஸ்ட் கூட்டத்துக்கு அப்புறம் இன்னும் 500 வரை நீக்கப் போவதாகச் சொன்னார்கள். (அது வேறு மிச்சம் இருந்ததா என்று எனக்குத் தலை சுற்றியது.) உற்பத்தித்திறன் என்றதும் இன்னும் கொஞ்சம் உழை என்று யாரோ அதட்டுவது போலக் கேட்கிறது, இல்லையா? குச்சி விஷயத்தில் யாரும் ஒரு நிமிஷம்கூட அதிகமாக உழைக்கவில்லை, குப்பை வேலை போனது, அவ்வளவுதான். உங்கள் வேலையிலும் இப்படி ஒரு குச்சி இருந்தால் கமெண்டில் கொட்டித் தீருங்கள், நான் படிக்கிறேன்.

வீடு என்ன ஆச்சு? கட்டட விதித்தொகுப்பில் குடியிருப்புகளுக்குப் புது மாற்றம் எதுவும் 2029 நடுப்பகுதி வரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள், பாதுகாப்புக்கும் தரத்துக்கும் அவசியமானவை தவிர. எனக்கு இதில் அரை மனசுதான், புது விதி வராததால் பழைய விதியில் ஒப்புதல் சீக்கிரம் கிடைத்துவிடுமா என்ன?

பெரிய வரிச் சீர்திருத்தமா? அந்த மூன்று நாளில் அதைப் பற்றிப் பேச்சுதான் நடந்தது. அதற்குத் தனி வீடியோ போட நான் தயார்.