பிள்ளைகள் அம்மாச்சியிடம், நாங்கள் இருவரும் கோடிக்கரையில்

வணக்கம். மணி இப்போது காலை ஐந்தே முக்கால். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது கொட்டகையில் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சத்தம். பிள்ளைகள் இரண்டும் உள்ளே தூங்குகின்றன. அதனால் மெதுவாகத்தான் பேசுவேன், நீங்கள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை காலை வேதாரண்யம் பக்கத்திலிருக்கிற கோடிக்கரைக்குக் கிளம்பி ஞாயிறு மாலை திரும்பினோம். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும், முதுகில் ஆளுக்கொரு பை. பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு இரண்டரை. பெரியவள் பிறந்த பிறகு நாங்கள் இருவர் மட்டுமாக வெளியூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

அவருக்கு மலைக்காட்டுக்குப் போக ஆசை. தமிழ்நாட்டில் கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலைப் பக்கம் இந்திரா காந்தி, அப்புறம் மன்னார் வளைகுடா என்று ஐந்து தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. நம் டெல்டாவில் ஒன்றுகூடக் கிடையாது. நான் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். வீட்டிலிருந்து போன் வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டும். நீலகிரியில் இருந்துகொண்டு அது முடியாது. அப்படித்தான் கோடிக்கரை முடிவானது. அது தேசியப் பூங்கா இல்லை, 1967இல் அறிவித்த சரணாலயம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கு ராம்சர் பட்டியல் என்று ஒன்று உண்டு, 2002இல் அதில் சேர்ந்த ஈரநிலத்தில் இதுவும் அடக்கம். காடும் புல்வெளியும் சதுப்பும் கடலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சிறு பிள்ளைகளை முதல்முறை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எவ்வளவு அழகான இடம் என்பதை அப்புறம் பாருங்கள், எவ்வளவு நேரத்தில் திரும்பலாம் என்பதை முதலில் பாருங்கள்.

சரி, வீட்டு ஏற்பாட்டுக்கு வருகிறேன். அப்பாவுக்கு அறுபத்தேழு வயது, முழங்கால் வலி உண்டு. அம்மாவுக்கு அறுபத்தொன்று. சின்னவன் ஓட ஆரம்பித்தால் அவர்களால் துரத்திப் பிடிக்க முடியாது. கொல்லைப்புறத்தில் இருபது அடி தள்ளி வாய்க்கால் ஓடுகிறது. டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த பயம் தெரியும். தண்ணீர் முழங்கால் அளவுதான் என்றாலும் இரண்டரை வயதுக்கு அதுவே அதிகம். அதனால் ஒரு வாரம் முன்பே என் வீட்டுக்காரர் வந்து, கொல்லை வாசலுக்கு மூங்கில் படல் கட்டி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கொக்கி போட்டார். இந்தப் பயணத்துக்கு நாங்கள் செய்ததிலேயே முக்கியமான வேலை அதுதான். காலையில் மூன்று மணி நேரம் கூட இருக்கப் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் சொல்லிவைத்தோம். அப்பா அறுவடை மெஷினுக்குச் சொல்லியிருந்த தேதி எங்கள் பயணத்தோடு இடிக்காமலும் பார்த்துக்கொண்டோம். சம்பா அறுவடை நேரத்தில் அவர்கள் தலையில் பிள்ளைகளையும் ஏற்றுவது நியாயமில்லை.

டிசம்பரில் ஒரு ராத்திரி ஒத்திகையும் பார்த்தோம். பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு நாங்கள் தஞ்சாவூரில் எங்கள் வீட்டிலேயே இருந்தோம். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அதுவரை அமைதியாக விளையாடிக்கொண்டிருந்த சின்னவன் என் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்து, பதினொரு மணி வரை ஓயவில்லை. மறுநாள் அம்மா சொன்னார்: "பொழுது சாஞ்சா நீ கூப்பிடாதம்மா. உன் முகம் தெரிஞ்சாத்தான் அவனுக்கு ஏக்கம் வருது. காலையில வயிறு நிறைஞ்சதுக்கு அப்புறம் கூப்பிடு, நல்லாப் பேசுவான்." கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஆனாலும் இந்த முறை அப்படியே நடந்துகொண்டோம். காலை ஒன்பது மணிக்கு ஒரு அழைப்பு, மாலையில் அம்மாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. வேறு ஏதாவது என்றால் அவர்களே கூப்பிடுவார்கள்.

அப்புறம் ஒரு தாள். சின்னவனுடைய எடைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்தின் அளவு, எத்தனை மணி நேர இடைவெளி, எந்த ஆஸ்பத்திரி, யாருடைய ஆட்டோ. அவ்வளவுதான். ராத்திரியில் கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி பெரிதாக எழுதச் சொன்னார் அப்பா. எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். சாப்பாடு, தூக்கம், கார்ட்டூன் பற்றியெல்லாம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அது அவர்கள் வீடு, அவர்கள் வழக்கப்படி நடக்கட்டும்.

உறவில் ஒருவர் வீட்டுக்கு வந்து, "பிள்ளைங்கள விட்டுட்டுப் போக எப்படி மனசு வருது?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா, "விட்டுட்டுப் போகலை, எங்ககிட்ட குடுத்துட்டுப் போகுது" என்றார். அந்தச் சொல்லை நான் மறக்க மாட்டேன்.

கிளம்பிய கதைக்கு வருகிறேன். திருத்துறைப்பூண்டி வரை பேருந்து. அங்கிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயில். முப்பத்தேழு கிலோமீட்டர் பாதை இது, அகலப் பாதையாக மாறி 2023 ஏப்ரலில்தான் திரும்பவும் ரயில் ஓட ஆரம்பித்தது. மீட்டர் கேஜ் காலத்தில் கோடிக்கரை வரைக்குமே ரயில் போகும் என்று அப்பா சொல்வார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் முதலில் மஞ்சள் தட்டிய சம்பா வயல், அப்புறம் தென்னந்தோப்பு, அதற்கப்புறம் மரமே இல்லாத வெள்ளை வெளி. உப்பளம். ஒரு மணி நேரத்துக்குள் நெல்லும் உப்பும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு நடந்து வந்து உப்பெடுத்தது இந்த மண்ணில்தான். அதற்கான நினைவுத் தூணை அகஸ்தியம்பள்ளியில் பார்த்துவிட்டு, அங்கிருந்து பத்து கிலோமீட்டர் போல பேருந்தில் கோடிக்கரை.

காட்டுக்குள் கூடாரம் போட அனுமதி இல்லை. அதனால் வனத்துறை விடுதியில் தங்கிக்கொண்டு, காலையும் மாலையும் நடப்பது என்று திட்டம். பையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்: தண்ணீர்தான் பாதி எடை, ஏனென்றால் கடற்கரை ஊரில் குடிக்கிற தண்ணீரை நம்பிப் போகக் கூடாது. முழுக்கைச் சட்டை, தொப்பி, கொசுவுக்குப் பூசுகிற களிம்பு, டார்ச், அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. காட்டில் முள் அதிகம், செருப்போடு போகாதீர்கள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினோம். எங்களோடு வந்த வழிகாட்டி அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார், "பேசாம வாங்க, பேசினா எதுவும் நிக்காது." அப்படியே இரண்டு மணி நேரம் பேசாமல் நடந்தோம். வீட்டில் நாங்கள் இருவரும் பேசாமல் இருக்கிற நேரம் நிறைய உண்டு. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆளுக்கொரு பக்கம் களைத்துப் போய், ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு இருப்போம். இங்கேயும் பேச்சு இல்லைதான். ஆனால் இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறோம், ஒரே சத்தத்தைக் கேட்கிறோம். அவர் என் தோளைத் தொட்டு ஒரு பக்கம் காட்டுவார், நான் பார்ப்பேன். எத்தனையோ மாதம் கழித்து அவர் பக்கத்தில் அவ்வளவு நிம்மதியாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

காடு என்றதும் உயர்ந்த மரங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வறண்ட பசுமைமாறாக் காடு. பாலை மரம், காரை, சூரை என்று குட்டையாக, நெருக்கமாக இருக்கும். நடுவில் சாய்ந்து கிடந்த பெரிய மரங்களைக் காட்டி, கஜா புயலில் விழுந்தவை என்றார் அண்ணன். 2018 நவம்பர் 16. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அன்று ராத்திரி இதே வீட்டில் கதவை நாற்காலியால் அணைத்துப் பிடித்துக்கொண்டு நானும் அவரும் நின்றோம். விழுந்த மரத்தின் அடியிலிருந்து புதிதாகத் துளிர்த்திருந்ததை இருவருமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காடு முடிகிற இடத்தில் புல்வெளி. அங்கேதான் வெளிமான் கூட்டம். ஆண் மானுக்கு முறுக்கிய கொம்பு, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. பெண் மான்கள் மணல் நிறம். கொஞ்சம் தள்ளி ஒரு பெண் மான் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை தலை தூக்கும்போதும் ஒரே பக்கத்தைப் பார்த்தது. அண்ணன் காதுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கன்னுக்குட்டி அந்தப் புல்லுக்குள்ள படுத்திருக்கும். பிறந்த கொஞ்ச நாளைக்கு அம்மா கூடவே கூட்டிக்கிட்டுத் திரியாது. ஒளிச்சு வச்சுட்டுத் தள்ளிப் போய் மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். கூடவே நின்னா நரிக்கு இடம் தெரிஞ்சுடும்." நாங்கள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வந்தோம். குட்டியை நான் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு ராமர் பாதம் மேட்டில் நின்றபடி வீட்டுக்குப் போன் போட்டேன். அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் அந்தச் சின்ன மணல்மேடுதான். ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஊர் நம்பிக்கை. பெரியவள் பேசினாள். அம்மாச்சியோடு கோலம் போட்டாளாம். சின்னவன் தாத்தாவோடு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டான், போனுக்கு வரவே இல்லை.

அன்று மாலை ஆறரைக்கு அம்மாவே கூப்பிட்டார். சின்னவனுக்கு 101 காய்ச்சல்.

எனக்குக் கையெல்லாம் குளிர்ந்துவிட்டது. அவர்தான் போனை வாங்கி நிதானமாகக் கேட்டார். தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போகிறானா, கூப்பிட்டால் பார்க்கிறானா, மூச்சு சாதாரணமாக இருக்கிறதா. "எல்லாம் சரியா இருக்கு மாப்பிள்ளை, சளிக் காய்ச்சல்தான். தாள்ல இருக்கிற அளவு மருந்து கொடுத்துட்டேன், நீங்க பதறாதீங்க" என்றார் அம்மா. நான் உடனே கிளம்பலாம் என்றேன். அவர் மறுக்கவில்லை. வேதாரண்யத்தில் ஒரு கார் டிரைவரிடம் பேசி, ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவதற்கு ஏற்பாடு செய்துவிட்டு என்னிடம் வந்து, "ஒன்பது மணிக்கு அத்தைகிட்ட திரும்பக் கேட்போம். இறங்கலைன்னா கிளம்பிடுவோம்" என்றார். ஒன்பதுக்குக் காய்ச்சல் நூறுக்குக் கீழே வந்திருந்தது. ரசஞ்சோறு நாலு வாய் சாப்பிட்டுவிட்டு அப்பா மடியில் தூங்கிவிட்டானாம். அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. அவரும் தூங்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார். கடல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு போனில் பேசியதைப் போல விடிய விடியப் பேசினோம்.

ஞாயிறு காலை காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சதுப்புப் பக்கம் போனோம். பூநாரைகள் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு மாதிரி தெரிந்தன. பைனாகுலரில் பார்த்தால் ஒவ்வொன்றும் தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் தலைகீழாக வைத்து இரை வடிகட்டிக்கொண்டிருக்கிறது. கரையில் கொசு உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற பறவை, வட துருவத்துப் பக்கத்திலிருந்து பறந்து நம் டெல்டாவுக்கு வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் பல வருடமாக இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கே போய் வருகின்றன என்று கணக்கெடுக்கிறார்கள்.

மாலை வீட்டுக்கு வந்தபோது பெரியவள் ஓடி வந்தாள். சின்னவன் தாத்தா தோளில் இருந்தான். என்னைப் பார்த்துவிட்டு முகத்தை அவர் கழுத்தில் புதைத்துக்கொண்டான். நான் கையை நீட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே இறங்கி வந்து, கையில் வைத்திருந்த வைக்கோலை என் மடியில் போட்டான்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வெளிமானை எடுத்த வீடியோவை அம்மாவுக்குக் காட்டினேன். திரும்பவும் போடச் சொல்லிப் பார்த்தார். கோடிக்கரைக்கு அவர் போனதெல்லாம் தை அமாவாசைக்குக் கடலில் குளிக்கத்தான், குளித்த கையோடு பஸ் ஏறிவிடுவார்களாம். காட்டுக்குள் போனதே இல்லை. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா" என்றேன். அப்பாவைப் பார்த்தார். அப்பா, "அறுப்பு முடியட்டும்" என்றார்.

மெஷின் வருவது புதன்கிழமை. மாசியில் இரண்டு ராத்திரிக்கு விடுதியில் அறை கேட்டு நேற்றே பேசிவிட்டேன். முழங்கால் வலி இருப்பதால் அப்பாவுக்கு ஜீப் கிடைக்குமா என்று வழிகாட்டி அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு நாளும் கொட்டகை மாடு என் பொறுப்பு. அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அப்பா ஒரு தாளில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உள்ளே சத்தம் கேட்கிறது, சின்னவன் எழுந்துவிட்டான். வருகிறேன்.