சும்மாடும் ஹெல்மெட்டும்

வணக்கம். சும்மாடு என்ற சொல் இன்று நம் வீடுகளில் எத்தனை பேர் வாயில் வருகிறதோ, எங்கள் ஆயா வீட்டில் அது தினமும் வந்தது. பழைய புடவைத் துண்டை முறுக்கி, வளையமாகச் சுற்றி, உச்சந்தலையில் வைத்து, அதன்மேல் கீரைக் கூடையை ஏற்றிக்கொள்வார். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தின் கிளேர்வுட் தோட்டத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும், பிறகு வார்விக் பக்கம் இறங்கி காலைச் சந்தை வரைக்கும் கூடை அவர் தலையில்தான். ஒரு நாள் அவசரத்தில் அத்தையின் சும்மாட்டை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டி நாலு அடி போயிருப்பார், கூடையை இறக்கிவிட்டார். "இது அவ தலைக்குச் சுத்தினது. எனக்கு ஆகாது" என்றார்.

நான் ஹெலிகாப்டர் பைலட்டாக 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது பறப்பதை நிறுத்திவிட்டு, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் பார்த்துப் பொருத்திக் கொடுக்கிறேன். "அங்கிள், எந்த ஹெல்மெட் நல்லது?" என்று கேட்டுக்கொண்டு வருகிற ஒவ்வொருவருக்கும் ஆயாவின் அந்த வார்த்தையைத்தான் முதலில் சொல்வேன். ஹெல்மெட்டைத் தேடுவதற்கு முன்னால் உன் தலையைத் தெரிந்துகொள்.

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகிற விமானத்தின் பைலட் தலையில் ஹெல்மெட் இருக்காது. காதில் ஹெட்செட் மட்டும்தான். அப்படியிருக்க ஹெலிகாப்டர்காரருக்கு மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். ஹெலிகாப்டர் தாழப் பறக்கிற வண்டி. மின்கம்பி, மரம், மலைச்சரிவு எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். விழுந்தாலும் பல நேரம் குறைந்த உயரத்திலிருந்து, குறைந்த வேகத்தில் விழும், பக்கவாட்டில் உருளும். உடம்பு பிழைக்கக்கூடிய விபத்துகள் அவற்றில் நிறைய உண்டு. ஆனால் உள்ளே இடம் குறுகல். கதவுச் சட்டம் தலையிலிருந்து ஒரு கை அகலத்தில் இருக்கும். அமெரிக்கத் தரைப்படை தன்னுடைய ஹெலிகாப்டர் விபத்துகளை ஆராய்ந்தபோது, கடுமையான விபத்தில் ஹெல்மெட் போடாதவருக்கு உயிர்போகும் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு போட்டவரைவிட சுமார் 6 மடங்கு என்று தெரிந்தது. நினைவோடு இருந்தால்தானே பெல்ட்டைக் கழற்ற முடியும்? கீழே தண்ணீரோ தீயோ இருந்தால், பெல்ட்டைக் கழற்றுகிற அந்தச் சில நொடிதான் உயிர்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதாதா என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அது பக்கப் பார்வையை மறைக்கும், காதுக்கு ஒன்றும் செய்யாது, ரேடியோவும் அதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. சில இலேசான ஹெல்மெட்டுகளில் ஈஎன் 966 என்று ஒரு தர எண் ஒட்டியிருப்பார்கள். அது பாராகிளைடிங் போன்ற வான் விளையாட்டுகளுக்கான தரம். ஹெலிகாப்டருக்காக எழுதியதல்ல. வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சரி, ஹெல்மெட்டுக்குள் வருவோம். வெளியே ஓடு. கண்ணாடி நாரோ, கெவ்லாரோ, கார்பனோ பிசினில் சேர்த்துச் செய்தது. அதற்குள்ளே, புது ஃபிரிட்ஜ் வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அந்த மாதிரி வெள்ளை நுரைப் பலகை. அடியை வாங்குவது இதுதான். தான் நசுங்கித் தலையைக் காப்பாற்றும். ஒருமுறை நசுங்கினால் முடிந்தது, திரும்ப எழாது. அதற்கும் உள்ளே தலையைத் தொடுகிற மெத்தை. இதுதான் நம் சும்மாடு.

வெளியோட்டின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால் முதலில் மெத்தையைப் பாருங்கள். ஒரு வகை மெத்தை மெல்லிய பிளாஸ்டிக் அடுக்குகளால் ஆனது. அதை அடுப்பில் சுமார் 93 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் போல வைத்துச் சூடாக்கி, சொன்ன நேரம் ஆறவிட்டு, ஹெல்மெட்டுக்குள் பொருத்தித் தலையில் போட்டு அசையாமல் உட்கார வேண்டும். ஆறும்போது உங்கள் தலையின் மேடு பள்ளம் எல்லாம் அதில் பதிந்துவிடும். உங்களுக்கென்றே சுற்றிய சும்மாடு அது. இன்னொருவர் போட்டால் உறுத்தும்.

தலையின் அளவு என்றால் தையற்காரர் நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே சுற்றிப் பார்ப்பது. ஆனால் 58 சென்டிமீட்டர் தலை இரண்டு பேருக்கு இருந்தால் இரண்டும் ஒன்றல்ல. ஒருவருக்குத் தேங்காய் மாதிரி முன்னும் பின்னும் நீண்டிருக்கும். இன்னொருவருக்கு நார்ச்சிப் பழம், அதாவது கமலா ஆரஞ்சு மாதிரி உருண்டை. இந்த ஊரில் எல்லாரும் நார்ச்சி என்கிறார்களே, அந்தச் சொல் நம் நாரத்தையிலிருந்து போனதுதான். அதைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை. ஆல்ஃபா ஈகிள், எம்எஸ்ஏ காலே, ஜென்டெக்ஸ் என்று பெயர்பெற்ற ஹெல்மெட்டுகள் உண்டு. ஒவ்வொன்றின் உள்வடிவமும் வேறு. நண்பனுக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். 1998-இல் முதல் வேலை கிடைத்த கையோடு ஒரு கடையில் பழைய ராணுவ ஹெல்மெட் வாங்கினேன். கருப்பு, பளபளவென்று இருந்தது. எங்கள் தெருவில் யாரும் அதற்கு முன் ஹெலிகாப்டர் ஓட்டியதில்லை. நான் சின்னப் பையனாக இருந்த காலத்தில் நம் நிறத்துக்கு அந்த வேலை எட்டாத உயரம். அதனால் அந்த ஹெல்மெட்டை அம்மா மஞ்சள் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அவ்வளவு பெருமை எங்கள் வீட்டில்.

கடையில் அதை இரண்டு நிமிடம்தான் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பெரிது. கடைக்காரர் இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகி, "பழகிவிடும்" என்றார். முதல் நாள் பறக்கையில் நான் பேசியது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குக் கேட்கவே இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மைக்கை மாற்றினேன். அடுத்தது நெற்றி. 40 நிமிடம் ஆனதும் ஒரே இடத்தில் ஆணி வைத்து அழுத்துகிற மாதிரி வலி. ஹாட் ஸ்பாட் என்போம். தலை முழுக்கப் பரவ வேண்டிய பாரம் ஒரே புள்ளியில் உட்கார்ந்துகொள்வது.

ஆகஸ்ட் மாதம். டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்தில் ஒரு பண்ணைக்கு வேலிக் கம்பங்கள் தூக்கிக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தில் மலையைத் தாண்டி வருகிற மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். நெற்றிவலி தாங்காமல் தாடைப் பட்டையைத் தளர்த்தி, ஹெல்மெட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டேன். அடுத்த நிமிடம் காற்று ஹெலிகாப்டரைக் கீழே அமுக்கியது. தலை கதவுச் சட்டத்தில் இடித்தது. ஹெல்மெட் முன்பக்கம் உருண்டு, அதன் விளிம்பு கண்ணை மூடிவிட்டது. வலது கையில் இருக்கிற கோலை விட முடியாது. விட்டால் வண்டி கவிழும். இடது கையால் ஹெல்மெட்டைத் தூக்கினேன். இரண்டு நொடி இருக்கும். அந்த இரண்டு நொடி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, இருட்டு.

வயலில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து மெத்தையைப் பிரித்துப் பார்த்தால், பின்பக்கத்து வெள்ளை நுரை முன்பே நசுங்கியிருந்தது. வெளியே அதே இடத்தில் ஒரு விரிசல், மேலே கருப்புப் பெயின்ட். அந்த ஹெல்மெட் யாருக்காகவோ ஏற்கெனவே ஒரு அடியை வாங்கிவிட்டது. எனக்கு விற்றது அதன் மிச்சம்.

ஆகவே திரும்பவும் சொல்கிறேன். கடையில் இரண்டு நிமிடம் போடுவது போடுவதல்ல. வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள், பேப்பர் படியுங்கள். எந்த இடத்திலாவது வலித்தால் அது பழகாது. தாடைப் பட்டையையும் பிடரிப் பட்டையையும் இறுக்கிவிட்டு, பின்விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் ஹெல்மெட் இல்லை. விபத்தில் தலையை விட்டுக் கழன்றுபோன ஹெல்மெட் யாரையும் காப்பாற்றாது.

இப்போது காது. எங்கள் அப்பா டர்பனுக்கு வடக்கே கடற்கரையோரம் ஒரு சர்க்கரை ஆலையில் 31 ஆண்டு வேலை பார்த்தார். காதுக்கு எதுவும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஓய்வு பெற்றபோது கோயிலில் நாதஸ்வரம் வாசித்தால் தவில் மட்டும்தான் அவருக்குக் கேட்டது. பேரப்பிள்ளைகள் பேசினால் சிரித்துத் தலையாட்டுவார். என்ன சொன்னார்கள் என்று தெரியாது.

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். பல ஹெலிகாப்டர்களின் உள்ளே சத்தம் 95-ஐத் தாண்டும், சிலவற்றில் 100-ஐத் தொடும். டர்பனிலிருந்து மலைக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த 15 நிமிடம் பல மடங்கு கடந்துவிடும். காது ஒரே நாளில் போவதில்லை, வலிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

காதுமூடியின் விளிம்பு தோலோடு சுற்றிலும் ஒட்ட வேண்டும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இதில் தொல்லை. தடித்த காது கம்பி விளிம்பைத் தூக்கிவிடும், அந்த இடுக்கில் சத்தம் நுழையும். மெல்லிய கம்பிச் சட்டம் வாங்குங்கள். நீண்ட கூந்தல் உள்ள பெண் பைலட்டுகள் பின்னலைத் தாழக் கட்டிக்கொண்டு வந்து அளவு பாருங்கள், எப்படிப் பறக்கப் போகிறீர்களோ அப்படியே. சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அடக்குகிற மின்னணுக் கருவியும் உண்டு. நல்லதுதான். ஆனால் மின்சாரம் போனால் மிஞ்சுவது அந்த விளிம்பு மட்டுமே. இன்னொரு வழி, காதுக்குள் வைக்கிற நுரைத் தக்கை. நடுவில் சின்ன ஒலிபெருக்கி இருக்கும். அமெரிக்கப் படையின் விமான மருத்துவ ஆய்வகத்தில் உருவானது. வெளிச்சத்தம் அடங்கும், பேச்சு நேராகக் காதுக்குள் வரும். என் வாக்கு இதற்குத்தான்.

காதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மொசாம்பிக் வெள்ளத்தை டிவியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மரத்தின்மேல் குழந்தை பெற்ற தாயையும் அந்தக் குழந்தையையும் தென்னாப்பிரிக்க விமானப்படை ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கியது. அப்படித் தூக்கும்போது நேர் கீழே தொங்குகிறவர் பைலட்டின் கண்ணுக்குத் தெரியமாட்டார். பின்கதவில் நிற்கிற சகா, "இடது பக்கம் இரண்டு அடி, நிறுத்து, அப்படியே" என்று சொல்லச் சொல்ல, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். அங்கே பைலட்டுக்குக் கண் அந்தக் குரல்தான். "நிறுத்து" என்ற ஒரு சொல் சத்தத்தில் கரைந்தால் கயிற்றில் இருப்பவர் கிளையில் மோதுவார். அதனால் பின்னால் நிற்கிறவருக்கும் நல்ல ஹெல்மெட் வேண்டும். மைக் உதட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும்.

கோபுரத்துக்கு என் குரல் ஏன் கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன், நேரம் ஓடுகிறது. ராணுவ மைக்கும் சிவில் மைக்கும் மின்தடையில் வேறு. ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி பிளக் இருக்கும், ஒரே துளைக்குள் போகும். போனது என்பதற்காகப் பொருந்தியது என்று எண்ணாதீர்கள். உங்கள் ஹெலிகாப்டரின் ரேடியோ எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

வைசரை, அதாவது முகத்துக்கு முன்னால் இறக்கிவிடுகிற பிளாஸ்டிக் மறைப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். தெளிவானது ஒன்று, வெயிலுக்கு நிறமுள்ளது ஒன்று, இரண்டும் இருக்கட்டும். ஏதாவது ஒன்று எப்போதும் கீழே இறக்கியிருக்கட்டும். பறவை முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் கண்ணைக் காப்பது அதுதான். போலராய்டு வேண்டாம், கருவித் திரைகள் சில கோணத்தில் கருத்துத் தெரியும். நிறத்தில் வெள்ளையோ பளிச்சென்ற மஞ்சளோ எடுங்கள். சூடும் குறையும், தேடுகிறவர்களுக்கும் தெரியும். இரவுப் பார்வைக் கருவி மாட்டுகிறவர்களுக்கு முன்பக்கம் அரைக்கிலோவுக்கு மேல் தொங்கும். மாரியம்மனுக்குக் கரகம் எடுத்தவர்களைக் கேளுங்கள், பாரம் நடுவை விட்டு ஒரு விரல் விலகினால் கழுத்து என்ன சொல்லும் என்று. பின்னால் எதிர் எடை வேண்டும். அதையும் மாட்டிக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும்.

வைசரைத் துடைக்கத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பருத்தித் துணி. ஜன்னல் துடைக்கிற அமோனியாத் திரவம் படவே கூடாது, பிளாஸ்டிக் வெடித்துப் பூத்துவிடும். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வணக்கம்.