கல்லறையில் ஆசிட் ஊற்றியவன் பேசுகிறேன்

நேயர்களுக்கு வணக்கம். பத்து நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லி இந்த வானொலி நிலைய அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் தபால்காரனாக வேலை பார்த்தவன் நான். வாசலில் நின்று ‘தபால்’ என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு நகர்ந்து பழக்கம். பழைய கல்லறைகளைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது பற்றி இன்று மூன்று விஷயங்கள் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பார்க்கலாம்.

எங்கள் ஊர் மண்டபத்துக்கு மேற்கே, தென்கடல் ஓரத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், “எங்கள் ஊரில் பழைய கல்லறை இல்லையா?” என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். நான் அந்தப் பங்கைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் சைக்கிளில் குறுக்கே போவதற்கு அதுதான் வழி. பூவரச மரத்தடியில் திண்ணை போல ஒரு பழைய கல்லறை இருந்தது. அதன் மேல் உட்கார்ந்துதான் தெருவாரியாகத் தபால்களைப் பிரிப்பேன். யாருடைய கல்லறை என்று ஒரு நாளும் எழுத்துக்கூட்டிப் பார்த்தது கிடையாது. ஊரில் எல்லார் முகவரியும் தெரிந்தவனுக்கு, தான் உட்கார்ந்திருந்த இடத்தின் முகவரி தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தால், தோட்டம் முழுவதும் சீமைக்கருவேலம். நம் மாவட்டத்தில் அதைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டாம். ஆடு காயைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் முளைக்கும். அப்படித்தான் நாங்கள் ஏழு பேர் சேர்ந்தோம். மீனவர்கள் மூன்று பேர், ஒரு கொத்தனார், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், நான். சங்கம் கிடையாது, பேனர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் போவோம்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். முதல் வருடம் அக்டோபர் கடைசி. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்குள் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆவேசம். நான் உட்கார்ந்து தபால் பிரித்த அந்தக் கல்லறையில், சுண்ணாம்புச் சாந்தில் கீறிய எழுத்துகள் பாசி படிந்து கறுத்துக் கிடந்தன. கடையில் போய்க் கழிப்பறை கழுவுகிற ஆசிட் ஆறு பாட்டில் வாங்கி வந்தேன். என் கைக்காசு. ஊற்றியதும் சோடா திறந்த மாதிரி நுரைத்தது. “பாருங்கள், அழுக்கு எப்படிக் கிளம்புகிறது!” என்று கூட இருந்த பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னேன். நுரைத்தது சுண்ணாம்பு. இந்தக் கல்லறைகளைக் கட்டிய பவளக்கல், அதாவது கடலில் பவளப்பாறையை வெட்டி எடுத்த கல், சங்கு, சிப்பி, சுண்ணாம்பு எல்லாம் உடம்பால் ஒரே வகை. புளிப்பு பட்டால் கரையும். சிப்பி ஓட்டின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள், உங்களுக்கே தெரியும். தண்ணீர் விட்டுக் கழுவியபோது பெயர் இருந்த வரி போய்விட்டது. கடைசியில் ‘ம்மாள்’ மட்டும் மிச்சம்.

கருவாடு விற்கிற பாட்டி ஒருவர் திருநாளன்று மெழுகுவத்தியோடு வந்தார். அங்கே வந்து நின்று, கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தபால்காரத் தம்பி, இங்கே எழுத்து இருந்ததே?” என்றார். இருந்தது பாட்டி, நான்தான் அழித்தேன் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். “எனக்கு வாசிக்கத் தெரியாது, எழுத்து இருக்கிறது என்று மட்டும் தெரியும்” என்றார். அவருடைய அம்மாவுக்குப் பெரியம்மாவாம். பெயர் என்ன என்று கேட்டேன். இடியாப்பக்காரி என்றுதான் ஊரே கூப்பிடும், ஞானஸ்நானப் பெயர் தெரியாது என்றார். எங்கள் நோட்டில் இன்றுவரை ‘இடியாப்பக்காரம்மாள்’ என்றுதான் இருக்கிறது. அந்த ‘ம்மாள்’ கல்லில் இருப்பதால் அவ்வளவுக்கு எழுதிக்கொள்ள எங்களுக்கு உரிமை உண்டு.

நேரம் போகிறது, தெரியும். ஆனால் முதல் விஷயமான இதைச் சொல்லாமல் விட முடியாது. பழைய கல்லறையைக் கெடுப்பது கடலும் காற்றும் மட்டும் என்று நினைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை பாசத்தோடு வருகிற நாம்தான் அதிகம் கெடுக்கிறோம். ஆசிட், கம்பி பிரஷ், பெயிண்ட், சிமெண்ட், டைல்ஸ். இதில் சிமெண்ட்தான் எனக்குப் பெரிய எதிரி. எங்கள் கொத்தனார் முதலில் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. அவருடைய தொழிலைப் பழிக்கிறேன் என்று கோபம்.

ஏன் சிமெண்ட் ஆகாது? மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானை வியர்ப்பதால்தான் தண்ணீர் குளிர்கிறது. அதன் மேல் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் குளிருமா? பவளக்கல்லும் சுண்ணாம்பும் அந்தப் பானையைப் போல. நம் மண்ணில் உப்பு, காற்றில் உப்பு. ஈரம் கல்லுக்குள் ஏறும்போது உப்பும் சேர்ந்து ஏறுகிறது. மேலே சுண்ணாம்பு இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியேறும். உப்பு சுண்ணாம்பில் பூக்கும், சுண்ணாம்பு உதிரும், மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. உப்பு கல்லுக்குள்ளேயே உறைந்து, பருத்து, கல்லைப் பொரிய வைக்கிறது. வெளியே பார்க்கச் சிமெண்ட் பலமாக நிற்கும். தட்டினால் உள்ளே பொத்தென்று கேட்கும். கடற்கரையில் வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். உங்கள் சுவரின் அடியில் பூக்கிற அதே உப்புதான்.

மறுபடி சொல்கிறேன், இப்போதுதான் வானொலியைத் திறந்தவர்களுக்காக: சுண்ணாம்பு உதிர்ந்தால் உதிரட்டும், சுண்ணாம்பே பூசுங்கள். சிமெண்ட் வேண்டாம்.

கல் போனால் வேறு கல் கிடைக்காது. தனுஷ்கோடிக்குப் போனவர்கள் அந்த இடிந்த தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்னப் பூவாக வரி ஓடும். அது பவளக்கல். 1964 டிசம்பரில் வந்த புயல் ரயிலையே கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. அந்தச் சுவர்களில் கொஞ்சம் இன்னும் நிற்கின்றன. அந்தக் காலத்தில் தீவுப் பக்கம் போய்ப் பாறையை வெட்டி வந்து வீடு கட்டினார்கள், சுண்ணாம்பும் சுட்டார்கள். இப்போது முடியாது, செய்யவும் கூடாது. மன்னார் வளைகுடாவில் உள்ள நம் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. 2001 முதல் பவளப்பாறைக்குப் புலிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு. அதனால் கல்லறையிலிருந்து விழுந்த துண்டு ஒன்றையும் நாங்கள் தூக்கி எறிவதில்லை. விழுந்த இடத்திலேயே ஓரமாக அடுக்கி வைக்கிறோம்.

இதில் இன்னொரு சங்கடம் தண்ணீர். உப்புத் தண்ணீரால் கழுவினால் கல்லுக்கு உப்பை நாமே ஊட்டியதாகும். நல்ல தண்ணீர்தான் வேண்டும். நல்ல தண்ணீரைக் குடம் காசு கொடுத்து வாங்குகிற ஊரில், “குடிக்கவே இல்லை, கல்லறைக்கு நல்ல தண்ணீர் கேட்கிறதோ?” என்று குழாயடியில் பெண்கள் கேட்டார்கள். என்ன பதில் சொல்வது? காய்ந்த பிரஷால் மெதுவாகத் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம். பார்த்தால், பெரும்பாலும் அதுவே போதுமாக இருக்கிறது.

எழுத்தை வாசிக்கவும் ஆசிட் வேண்டியதில்லை. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது, கண்ணுக்கே தெரியாத கீறல் எல்லாம் நிழல் கட்டி எழுந்து நிற்கும். நிழலில் இருக்கிற கல்லுக்கு, வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துப் போய் வெயிலைத் திருப்பி அடிப்போம். ஒரு பிள்ளை கண்ணாடி பிடிக்கும், ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டும், நான் எழுதிக்கொள்வேன். முதல் தடவை அப்படி ஒரு பெயர் எழுந்து வந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த ஆறு பாட்டில் காசுக்கு எத்தனை கண்ணாடி வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது விஷயம், செடிகள். இந்த அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினால்தான் சாகும். ஆனால் கல்லறை ஓரத்தில் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து பெயரும். ஜேசிபியை உள்ளே விடவே கூடாது. அங்கே மட்டும் தரையோடு வெட்டி, தளிர்க்கத் தளிர்க்க மறுபடி வெட்ட வேண்டும். மூன்று வருடமாக வெட்டுகிறோம். விறகு கரிமூட்டக்காரருக்குப் போகிறது. ஒன்று மட்டும்: அடம்பங்கொடியைத் தொடாதீர்கள். களை என்று நினைத்து அதையும் ஒரு முறை பிடுங்கினோம். அடுத்த கச்சான் காற்றில் ஒரு வரிசை முழுவதும் மணலுக்குள் போய்விட்டது. மணலைப் பிடித்து வைத்திருந்ததே அந்தக் கொடிதான்.

மூன்றாவதுதான் நான் முக்கியமாகப் பேச வந்தது. நோட்டுப் புத்தகம். எந்த வரிசையில் யார், எந்தக் கல்லில் என்ன எழுத்து, எந்தத் தேதியில் பார்த்தோம் என்று எழுதி வைப்பது. படம் போட்டுக் காட்டினால் எளிது, வானொலியில் எப்படிக் காட்டுவது? கிழக்கு மூலையிலிருந்து, வீட்டுக்கு வீடு தபால் போடுகிற மாதிரி வரிசையாகப் போங்கள், அவ்வளவுதான். கீழக்கரைப் பக்கத்து நண்பர்கள் மையவாடியில், அதாவது முஸ்லிம்களின் அடக்கத்தலத்தில், மீசான் கல் என்கிற அடையாளக் கல்லின் எழுத்துகளை எப்படிக் குறிப்பது என்று கேட்டிருந்தார்கள். அதற்கு முதலில் பள்ளிவாசல் பெரியவர்களிடம்... சரி, சரி, முடித்துவிடுகிறேன்.

வருகிற ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு நாங்கள் அங்கே இருப்போம். வருகிறவர்கள் பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று, ஒரு கண்ணாடி, குடிக்க நல்ல தண்ணீர் கொண்டு வாருங்கள். கொத்தனார் இப்போது பேசுகிறார், சுண்ணாம்பு அவர் கொண்டு வருவார். சிமெண்ட் யாரும் கொண்டு வராதீர்கள். வணக்கம்.