சர்வீஸுக்கு அப்புறமும் திரும்பி வரும் டிக் டிக்

[காட்சி: லயத்து வீட்டு வாசல். சரிவில் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் புரோட்டோன் வீரா 1.6 காடி (கார்). பானட் திறந்திருக்கிறது. 8 வினாடிக்கு எஞ்சின் சத்தம் மட்டும்.]

அந்த டிக் டிக் கேட்டதா? இதற்காக என் மாமா, வால்வு இடைவெளியை நிரப்பும் லிஃப்டர் என்ற சின்னப் பாகத்தை இரண்டு தடவை மாற்றிவிட்டார். மாற்றியதும் ஒரு மாதம் அமைதி, அப்புறம் பழையபடி தையல் மெஷின். அவர் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில். "பொருள் ஒரிஜினல் இல்லை, மாப்ளே" என்கிறார் மாமா. பொருள்மேல் பழி போடுவதற்கு முன்னால் நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: சத்தம் எப்போது வருகிறது?

அதற்கும் முன்னால், இது வால்வு சத்தம்தானா? பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான். வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஐட்லிங் வேகம் 800 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தடவை திறக்கும், வினாடிக்கு ஏறக்குறைய ஏழு. அதனால் வால்வு சத்தம் மேலே இருந்து மெல்லியதாக, எஞ்சின் வேகத்தில் பாதியாகத்தான் கேட்கும். கீழே இருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்து, மேடு ஏறும்போது கூடினால் அது பிஸ்டன் தண்டைக் கிராங்கோடு சேர்க்கும் ராட் பேரிங். அப்படியென்றால் இந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், எஞ்சினை நிறுத்திவிட்டு இழுவை லோரியைக் கூப்பிடுங்கள்.

[காட்சி: நீளமான ஸ்க்ரூ டிரைவர். முனை வால்வு கவரில், கைப்பிடி காதோரம்.]

ஃபோர்மேன்களின், அதாவது கார் மெக்கானிக்குகளின், ஸ்டெதஸ்கோப் இதுதான். பெல்ட்டும் ஃபேனும் சுற்றுகிற பக்கம் மட்டும் போகாதீர்கள். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரில் வைத்தாலும் டிக் டிக் கேட்கும், அது அதன் இயல்பு. புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் உள்ள எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிந்தாலும் இதே சத்தம் வரும். ஆனால் அது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதிகம், இரும்பு சூடேறி விரிந்ததும் குறையும். மாமாவின் காடியில் நேர்மாறு, சூடேறிய பிறகுதான் சத்தமே.

பழைய கஞ்சில் காடியாக இருந்தால் வேலை சுலபம். வால்வை அமுக்கும் நெம்புகோலான ராக்கரின் முனையில் ஸ்க்ரூ இருக்கும், மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒன்று: அந்த மாதிரி எஞ்சினில் சத்தமே இல்லாத வால்வுக்குத்தான் நான் பயப்படுவேன். இடைவெளி செத்துப்போனால் வால்வு முழுதாக மூடாது, சூடு இறங்க வழியில்லாமல் கருகும். வீரா 1.6-இன் 4ஜி92 எஞ்சினில் அந்த ஸ்க்ரூவே கிடையாது. ராக்கர் முனையில் ஹைட்ராலிக் லிஃப்டர் உட்கார்ந்திருக்கும்.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு பழைய லிஃப்டர். கட்டைவிரல் அதை அழுத்துகிறது.]

சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டுமணி வால்வு. எண்ணெய் உள்ளே போகும், குண்டுமணி அடைத்துக்கொள்ளும். எண்ணெயை அமுக்க முடியாது என்பதால் லிஃப்டர் கட்டையாக நின்று இடைவெளியைத் தானே நிரப்பும். எண்ணெய் நிறைந்த லிஃப்டரை அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். இதைப் பாருங்கள், பஞ்சு மாதிரி அமுங்குகிறது. உள்ளே காற்று. ராக்கர் தட்டுகிற டிக் சத்தம் இங்கிருந்துதான்.

ஆக, காற்று எங்கிருந்து வந்தது?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி கேட்டு மறைந்தால், இரவில் எண்ணெய் வடிந்திருக்கிறது. மலிவு ஃபில்டரில் எண்ணெய் திரும்பாமல் பிடிக்கும் ரப்பர் சரியாக வேலை செய்யாது. சரிவில் நெடுநேரம் நிறுத்தினாலும் லிஃப்டரில் எண்ணெய் குறையும். மாமாவுக்கோ ஈப்போ வரை ஹைவேயில் ஓட்டிவிட்டு வந்தால்தான் சத்தம். பக்கத்துக் கடையில் பசியாறப் போய் வந்தால் ஒன்றுமில்லை.

[காட்சி: எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் வெளியே வருகிறது. துணி.]

இங்கே, வாசலில், எண்ணெய் 'குறைவு' கோட்டுக்குக் கீழே. "பார்த்தியா, குடிக்குது. அதான் மாசாமாசம் மின்யாக் ஹித்தாம் ஊத்துறேன்" என்றார் மாமா, எஞ்சின் எண்ணெயைச் சொல்கிறார். காடியை, தோட்டத்து ஆட்கள் காலையில் கூடும் சமதளமான பெரட்டு களத்துக்கு ஓட்டிப்போய், எஞ்சினை அணைத்து, எண்ணெய் கீழே இறங்கப் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தோம்.

[காட்சி: அதே டிப்ஸ்டிக். எண்ணெய் 'நிறைவு' கோட்டுக்கு மேலே ஒரு விரல்.]

சரிவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது, குச்சி பொய் சொன்னது, மாமா ஊற்றிக்கொண்டே போனார். மிதமிஞ்சிய எண்ணெயை வேகத்தில் கிராங்க் கடைந்து நுரையாக்கும். பம்பு அந்த நுரையைத்தான் லிஃப்டருக்கு அனுப்பியிருக்கிறது. பெங்கேலில், அதாவது பட்டறையில், ஒவ்வொரு தடவையும் எண்ணெயை இறக்கி, அளவாக ஊற்றியதால்தான் அந்த ஒரு மாத அமைதி. பெருமை முழுவதும் புது லிஃப்டருக்குப் போனது!

மிச்சத்தை வடித்தோம். ஒரு மினரல் போத்தல் நிறைந்து, இன்னொன்றில் கால்வாசி வந்தது. அடுத்தது காற்றை வெளியேற்றுவது. சூடான எஞ்சினை 15 வினாடியில் மெதுவாக 3000 ஆர்பிஎம் வரை ஏற்றி, விட்டுவிட்டு, 15 வினாடி ஐட்லிங். மறுபடி அதே மாதிரி, 30 முறை வரை. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டார், நியாயம்தான். பன்னிரண்டாவது முறையில் சத்தம் மெலிந்தது, இருபதுக்குள் நின்றது.

30 முறை செய்தும் நிற்கவில்லை என்றால் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் எண்ணெய் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரியவில்லை என்பது ஆறுதல் இல்லை, அழுத்தம் மிக மோசமாக விழுந்தால்தான் அது எரியும். கெட்டி எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அமுக்குகிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன், காரணம் உள்ளேயே இருக்கும்.

[காட்சி: காலை, அதே சரிவு. ஸ்டார்ட். மூன்று வினாடி டிக் டிக், அப்புறம் அமைதி.]

இந்த மூன்று வினாடி சரிவின் வேலை. விட்டுவிடலாம். மாமா இப்போது குச்சி பார்க்க மட்டும் பெரட்டு களத்துக்குப் போகிறார், கையில் துணியும் ஒரு காலி போத்தலும்.