பெட்டியைப் பிரித்தால் கனச்சதுரம் புரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் லூடோ பகடை இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லோரும் உருட்டிப் பார்த்த பொருள்தானே. அந்த வடிவத்தை, கனச்சதுரத்தை, சிறு பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

வழக்கமாக என்ன நடக்கிறது? கரும்பலகையில் படம் வரைகிறோம். பக்கத்தில் 6 முகம், 12 விளிம்பு, 8 முனை என்று எழுதுகிறோம். பிள்ளையும் ஒப்பித்துவிடும். ஆனால் பின்பக்கத்துப் புள்ளிக்கோடுகள் இல்லாத அந்தப் படத்தில் தெரிவதென்னவோ 3 முகம், 9 விளிம்பு, 7 முனைதான். முனை எத்தனை என்று கேட்டு, பிள்ளை "ஏழு" என்று சொன்னால் அதட்டாதீர்கள். அது படத்தைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. போதாததற்கு, முகமெல்லாம் சதுரம் என்று வாயால் சொல்கிறோம், படத்திலோ மேல்முகமும் பக்கமுகமும் சாய்ந்து கிடக்கின்றன. படம் கடைசியில் வரட்டும். முதலில் பொருள் கைக்கு வரவேண்டும்.

கையில் கொடுத்த பிறகும் எண்ணுவதில் தடுமாற்றம் வரும். பெட்டியைத் திருப்பத் திருப்ப, எண்ணிய விளிம்பையே மறுபடி எண்ணிவிடுவார்கள். மேசைமேல் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். மேலே நான்கு, கீழே நான்கு, நிற்கிற விளிம்பு நான்கு. எண்ணியதில் சாக்பீஸால் ஒரு கீற்று. கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் இன்னொரு வழியும் சொல்லலாம். ஆறு முகத்துக்கும் நான்கு நான்கு விளிம்பு என்றால் 24. ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகங்களுக்குப் பொது, ஆகவே 12. முனையும் முகத்துக்கு நான்கு என்று எண்ணினால் 24தான். ஆனால் ஒவ்வொரு முனையும் மூன்று முகங்களுக்குப் பொது, ஆகவே 24-ஐ மூன்றால் வகுக்க 8. முனைக்கு மூன்று முகம். இதை நினைவில் வையுங்கள், மறுபடி தேவைப்படும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது: பெட்டியை வெட்டிப் பிரிப்பது.

வீட்டுக்கு வரும் சோப்புப் பெட்டி, பற்பசைப் பெட்டியெல்லாம் கனச்செவ்வகங்கள். கனச்சதுரமான அட்டைப்பெட்டி கிடைத்தால் நல்லது. அது கனச்சதுரம்தானா என்று பார்க்க, ஒரே முனையில் சேரும் மூன்று விளிம்புகளையும் அளந்தால் போதும். பெட்டி கிடைக்கவில்லையா, 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஆறு சதுரங்களைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி, விளிம்புக்கு விளிம்பு செல்லோடேப் ஒட்டுங்கள். சதுரம் ஒன்று ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனாலும் கடைசி மூடி பொருந்தாது. அதனால் முதல் சதுரத்தையே அச்சாக வைத்து மற்ற ஐந்தையும் வரையுங்கள்.

இப்போது பிள்ளையிடம் கத்தரிக்கோலைக் கொடுத்து, "எந்த முகமும் தனியாகக் கழன்று விழக்கூடாது, ஆனால் பெட்டி தட்டையாக விரியவேண்டும்" என்று சொல்லுங்கள். எங்கே வெட்டுவது என்பது பிள்ளையின் விருப்பம். விரித்தபின் எத்தனை விளிம்பு வெட்டினாய் என்று கேளுங்கள். ஏழு என்றுதான் வரும். அடுத்த பிள்ளை வேறு இடத்தில் வெட்டியிருக்கும், வேறு வடிவம் விரிந்திருக்கும், அங்கேயும் ஏழுதான்! ஏன்? ஆறு முகம் ஒரே துண்டாக நிற்க ஐந்து இணைப்பு வேண்டும். பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. இதைச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு மூன்று பெட்டி வெட்டிப் பார்த்தபின் அவர்களே கேட்பார்கள்.

இப்படி விரியும் வடிவங்கள், திருப்பியும் புரட்டியும் ஒன்றாகிவிடுபவற்றைத் தள்ளினால், மொத்தம் 11. அதற்கு மேல் கிடையாது. நம் பாடங்களில் பெரும்பாலும் சிலுவை போன்ற ஒன்றைத்தான் காட்டுகிறோம். மற்ற பத்தையும் பிள்ளைகள் தேடட்டும். தேடும்போது சில மடங்காது. ஆறு சதுரமும் ஒரே வரிசையில் இருந்தால் மடங்காது, நான்கு முகம் சுற்றிவந்ததும் ஐந்தாவது சதுரம் முதலாவதன் மேலேயே போய் விழும். எங்கேயாவது நான்கு சதுரங்கள் இரண்டுக்கு இரண்டாக ஒரு புள்ளியைச் சுற்றி நின்றால் அதுவும் மடங்காது. முனைக்கு மூன்று முகம் என்று சொன்னேனே, அங்கே நாலாவதுக்கு இடம் இல்லை.

விரிப்பிலிருந்து புதிதாகப் பெட்டி செய்ய நினைத்தால், 5 சென்டிமீட்டர் சிலுவைக்கு 15-க்கு 20 சென்டிமீட்டர் அட்டை, அதோடு ஒட்டுமடிப்புக்குச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர். ஒட்டுமடிப்பு ஏழு போதும். சுற்றியுள்ள 14 ஓரங்களும் ஜோடி ஜோடியாக ஏழு இடங்களில் சேர்கின்றன, ஜோடிக்கு ஒன்றுதான் தேவை. இரண்டு பக்கமும் மடிப்பு விட்டால் தடித்துப்போய் மூலை பிதுங்கும். மடிக்க வேண்டிய கோட்டில் ஸ்கேலை வைத்து மை தீர்ந்த பேனாவால் அழுத்தி இழுங்கள், மடிப்பு நேராக வரும். பசையை மெல்லத் தடவுங்கள், நனைந்த அட்டை வளைந்துகொள்ளும். மூடியைக் கடைசியில் ஒட்டுங்கள்.

பகடையாக்கவும் சொல்லலாம். எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 7 வரவேண்டும். ஒட்டுவதற்கு முன்பே, தட்டையாக இருக்கும்போதே எண்களை எழுதச் சொல்லுங்கள். நேர் வரிசையில் ஒன்று விட்டு ஒன்று எதிர்முகம். தப்பாக எழுதியிருந்தால் மடித்ததும் தெரிந்துவிடும்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை வருகிறது. குச்சியில் கனச்சதுரம் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே நீளத்தில் 12 ஈர்க்குச்சி, 8 களிமண் உருண்டை. செய்தபின் அது சாய்ந்து ஆடும். குச்சிச் சதுரம் சரியக்கூடியது, முக்கோணம் சரியாது. முகத்துக்கு ஒரு மூலைவிட்டக் குச்சி, ஆக ஆறு சேர்த்தால் நின்றுவிடும். அந்த ஆறும் கொஞ்சம் நீளமாக வேண்டும், 10 சென்டிமீட்டர் குச்சிக்கு ஏறக்குறைய 14.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று. பக்கத்தை 5-லிருந்து 10 சென்டிமீட்டர் ஆக்கினால் அட்டை நான்கு மடங்கு செலவாகும், கொள்ளளவோ எட்டு மடங்கு. அந்த 10 சென்டிமீட்டர் பெட்டியின் கொள்ளளவு சரியாக ஒரு லிட்டர். தண்ணீர் ஊற்றினால் அட்டை பிதுங்கும், அரிசியை ஒரு லிட்டர் அளந்து கொட்டிப் பாருங்கள். வணக்கம்.