சரக்கொன்றை வளருது, ஏன் பூக்கல?

வணக்கம் மக்களே! மரம் மாடி உயரத்துக்கு வந்தாச்சு, ஒரு சரம் பூ இல்ல. சரக்கொன்றை வெச்ச நிறைய பேரோட குறை இதுதான்.

முதல்ல இலையைப் பாருங்க. சரக்கொன்றைக்கு ஒரு காம்புல நாலுல இருந்து எட்டு ஜோடி, ஒவ்வொண்ணும் உள்ளங்கை நீளத்துக்கு இருக்கும். விரலளவு சின்ன இலை, பத்து ஜோடிக்கு மேலன்னா அது மஞ்சள் கொன்றையா இருக்கலாம். சத்தியமங்கலம், முதுமலைக் காட்டுல பரவி, இப்ப வெட்டி எடுக்கிற தென் அமெரிக்க மரம். நர்சரியில வெறும் 'கொன்றை'ன்னு கேட்காதீங்க.

விதையில இருந்தே ஆரம்பிக்கலாம். ஆட்டினா கலகலன்னு சத்தம் வர்ற கருப்புக் காயா எடுங்க. அறை அறையா இருக்கும், அறைக்கு ஒரு விதை. விதையில ஒட்டியிருக்கிற, புளி மாதிரி கருப்புச் சதையைக் கழுவிருங்க. தோல் ரொம்பக் கெட்டி, சும்மா போட்டா மாசக்கணக்கா அப்படியே கிடக்கும். உப்புத்தாள்ல ஒரு ஓரத்தைத் தேய்ங்க, உள்ள வெளிர் நிறம் தெரிஞ்சா போதும். முளை இருக்கிற கூர்முனையை மட்டும் தொடாதீங்க. ராத்திரி தண்ணியில போட்டா காலையில உப்பியிருக்கும். உப்பாததை மறுபடி தேய்ங்க.

நாத்துப் பையில செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒண்ணு, மட்கின சாணம் ஒண்ணு. அரை அங்குல ஆழத்துல விதைங்க. ஆணிவேர் பைக்குள்ள சுருள்றதுக்கு முன்னாடி, ஒன்றரை அடி உயரத்துலயே தரைக்கு மாத்திருங்க. ரெண்டடிக் குழி, சுவர்ல இருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி. தண்ணி தேங்குற இடம்னா வேர் அழுகிரும்.

இப்ப பூவுக்கு வருவோம். முதல் ரெண்டு வருஷம் வாரம் ரெண்டு தண்ணி. அப்புறம் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நிறுத்திருங்க. இலை கொட்டும், பதறாதீங்க! அப்படித் தண்ணியில்லாம காயும்போதுதான் மரம் பூவுக்குத் தயாராகுது. புல்தரைக்குப் பக்கத்துல வெச்சு தினமும் நனைச்சா இலைதான் தள்ளும். யூரியா போட்டாலும் அதே கதை. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும், அதுல சமரசமே கிடையாது. விதைக் கன்னுன்னா நாலஞ்சு வருஷம், சிலது அதுக்கும் மேல எடுத்துக்கும்.

மழைக்காலத்துல பச்சைப் புழு இலையை மொட்டையடிக்கும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சியோட புழு அது, மருந்து அடிக்க வேண்டாம். பெரிய மரம் தானா துளிர்த்துரும், சின்னக் கன்னுல மட்டும் கையால பொறுக்கிப் போடுங்க.

கவாத்து பண்ணணும்னா பூ முடிஞ்ச கையோட, ஜூலைக்குள்ள. மார்கழியில வெட்டினா அந்த வருஷப் பூவையும் சேர்த்துத்தான் வெட்டுறீங்க.